தரைக்குக் கீழ், மீட்டரில்

மாதத்தின் கடைசி வாரம் இந்த மாவட்டத்தை
மேற்கிலிருந்து கிழக்காக
கிணறு கிணறாக நாடா விட்டு அளப்பது என் வேலை.
ஜீப் அரசாங்கத்துடையது,
அதன் கதவு மட்டும் கொளஞ்சியப்பன் பேச்சைத்தான் கேட்கும்.

திட்டக்குடிப் பக்கம் பாறை.
நாடா நுனியின் இரும்பு
சுவரில் இடித்து இடித்து
யாரையோ திட்டிக்கொண்டே இறங்கும்.
பருத்திக் கொல்லைக் கரிசல் மே மாதம்
பாதம் நுழையுமளவு வெடித்துக் கிடக்கும்.
வெலிங்டன் ஏரிக் கரையில்
"தண்ணி இருக்கா?" என்று கேட்டேன்.
மாடு ஓட்டி வந்தவள் சிரித்தாள்:
"அத நீங்கல்ல சொல்லணும்."

பதினான்கு புள்ளி இரண்டு பூஜ்யம்.

விருத்தாசலம் தாண்டினால் செம்மண்.
எல்லைக்கல் எதற்கு,
கொளஞ்சியப்பனின் சட்டைக் காலர் சொல்லிவிடும்.
முந்திரி, முந்திரி, நடுவில் ஒரு பலா,
மறுபடி முந்திரி.
தானே புயல் படுக்கப் போட்டவற்றின் இடத்தில்
நட்ட கன்றுகள் காய்ப்புக்கு வந்துவிட்டன.
சாய்ந்த திசையை மட்டும்
அடிமரங்கள் சில இன்னும் காட்டுகின்றன.

மாவட்டமே கிழக்கே சாய்ந்ததுதான்.
நின்று பார்த்தால் தெரியாது.
வெள்ளாறு, மணிமுத்தாறு, கெடிலம், பெண்ணை
எல்லாம் எங்கோ பிறந்து
இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவை.
பரவனாறு ஒன்றுதான் உள்ளூர்க்காரி.
கோடையில் அவள் சுமப்பது
சுரங்கம் இறைத்து விடும் தண்ணீர்.

நெய்வேலிக்குப் பக்கத்தில் ஒரு கிணறு இருக்கிறது,
பதிவேட்டில்.
எண் இருக்கிறது. ஊர்ப்பெயர் இருக்கிறது.
ஊர் இருந்த இடத்தில் இருப்பது
வெறும் ஆழம்.
குழியின் அடியில் கறுப்பு,
கறுப்புக்கும் கீழே தண்ணீர்,
விட்டால் தளத்தைப் பிளந்து ஏறிவிடும் என்று
இரவும் பகலும் இறைக்கிறார்கள்.

இரண்டு முறை ஊர் மாறிய வீரப்பெருமாள்
கம்பி வேலியோரம் நின்று கைநீட்டினார்,
காற்றுக்குள்.
"அதோ அந்தக் கொக்கு பறக்குது பாருங்க,
அதுக்கும் கொஞ்சம் கீழ எங்க களம்.
களத்துக்குத் தெக்கால கெணறு."
கொக்கு போய்விட்டது.
அவர் கையை இறக்கவில்லை.
எந்தத் தரைக்குக் கீழ் என்று எழுதுவேன்?

அந்தக் கிணற்றுக்கே பழைய பதிவு ஒன்று உண்டு,
யாரோ ஊதா மையில் எழுதியது.
எண்ணுக்கு முன்னால் ஒரு கூட்டல் குறி.
தண்ணீர் தரைக்கு மேல் நின்றிருக்கிறது
ஓர் ஆள் உயரம், மோட்டார் இல்லாமல்.
வேலைக்கு வந்து பதினோரு வருடம்,
நான் அந்தக் குறியைப் போட்டதே இல்லை.
ஒருநாள் பேனா எழுதுகிறதா என்று பார்க்க
உள்ளங்கையில் போட்டுப் பார்த்தேன்.

வடக்கே பெண்ணையைத் தாண்டினால் பாகூர்.
அது புதுச்சேரி, என் நாடா அங்கே போகாது.
பூமிக்கடியில் ஓடும் தண்ணீருக்கு
இதை யாரும் எழுத்துபூர்வமாகத் தெரிவிக்கவில்லை.
தெற்கே வீராணம்,
குழாயேறிச் சென்னைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

கடைசிக் கிணறு கிள்ளைக்கு அப்பால்,
சுரபுன்னை வேர்கள் சேற்றில் முழங்காலிட்டிருக்கும் இடம்.
காலை பதினொன்றுக்குத் தொண்ணூறு சென்டிமீட்டர்.
சுண்ணாம்புக் கட்டியை மறந்து வைத்துவிட்டுப்
பாதி வழியில் திரும்பி வந்தேன்.
சந்தேகத்துக்கு இன்னொரு முறை விட்டேன்.
எழுபத்தொன்று.
நாடாவைத் துடைத்து மறுபடி விட்டேன்.
அறுபத்தெட்டு.
முகத்துவாரத்தில் ஓதம் ஏறிக்கொண்டிருந்தது.
விரலை நக்கிப் பார்த்தேன் (விதியில் இல்லை):
உப்பு.

படிவத்தில் ஒரே ஒரு கட்டம்.
கொளஞ்சியப்பன் ஹாரன் அடிக்கிறார்,
பசி அவருக்கு ஒரு மணிக்கு வந்துவிடும்.

கட்டத்தில் அறுபத்தெட்டு என்று போட்டு
குறிப்புப் பத்தியில் எழுதினேன்:
அளக்கும்போது நகர்ந்துகொண்டிருந்தது.

அலுவலகத்தில் அதை அடித்துவிடுவார்கள்.